மருந்துக் கடையில் தாழ்ந்த குரலில் கேட்கப்படும் மாத்திரை

சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணி. பொங்கோலில் வீவக வீடொன்றில் வசிக்கும் ஓர் இளம் தம்பதியரை நினைத்துக்கொள்வோம். குழந்தைக்கு ஒன்பது மாதம். அன்று ஆணுறை கிழிந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளியில் படித்த காலத்தில் தொலைக்காட்சி விளம்பரத்தில் பார்த்த ஒரு மாத்திரை மனைவிக்கு நினைவு வருகிறது. கணவர் கீழே இறங்கிக் கடைத்தொகுதியில் இருக்கும் மருந்துக் கடைக்குப் போகிறார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அதே வட்டாரத்துக்காரர்கள். குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். "டாக்டர் சீட்டு வேண்டும்" என்று பதில் வருகிறது. தலையை ஆட்டிவிட்டு, வந்ததற்கு ஒரு பற்பசையை வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்.

கடைக்காரர் சொன்னதில் தவறில்லை. சிங்கப்பூரில் அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்க முடியாது. அன்றாடம் சாப்பிடும் கருத்தடை மாத்திரைக்கும் அதே விதிதான். ஆனால் அந்தப் பதில் பாதிப் பதில். எந்த மருத்துவர், எப்போது, எவ்வளவு சீக்கிரம் என்ற மீதிப் பாதியை யாரும் சொல்லவில்லை. இந்த மாத்திரையைப் பொறுத்தவரை அந்த மீதிதான் முக்கியம்.

காரணம் எளிது. மாத்திரையில் இருப்பது லெவோனார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன், அளவு 1.5 மில்லிகிராம். அது செய்யும் வேலை ஒன்றுதான்: சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஆணின் உயிரணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கக்கூடும். அந்த நாள்களில் முட்டை வெளிவராமல் பார்த்துக்கொண்டால் கரு உண்டாகாது. முட்டை ஏற்கனவே வெளிவந்துவிட்டால் மாத்திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. எனவே "72 மணி நேரம்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை, மூன்று நாள் அவகாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. முதல் 12 மணி நேரத்தில் சாப்பிடுவதும் மூன்றாம் நாள் இரவில் சாப்பிடுவதும் ஒன்றல்ல.

தங்கிவிட்ட கருவை இந்த மாத்திரை கலைக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கருக்கலைப்புக்குப் பயன்படுவது மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் என்ற வேறு மருந்துகள். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால் வந்த வினை கொஞ்சநஞ்சமல்ல. அதற்குத் தமிழ்நாட்டைக் காட்டிலும் நல்ல உதாரணம் கிடைக்காது.

சட்டத்தில் உண்டு, அலமாரியில் இல்லை

"ஊரில் இதெல்லாம் சீட்டு இல்லாமலே கிடைக்குமே" என்று லிட்டில் இந்தியாவில் பலர் சொல்லக் கேட்கலாம். சட்டப்படி அது சரி. இந்தியாவில் 2005ஆம் ஆண்டிலிருந்து அவசரக் கருத்தடை மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை. 2007இல் சிப்லா நிறுவனம் "ஐ-பில்" என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்து தொலைக்காட்சியில் பெரிய அளவில் விளம்பரம் செய்தது. மும்பையிலும் டெல்லியிலும் தலைவலி மாத்திரையைப் போல வாங்கினார்கள்.

சென்னையில் மட்டும் கதை வேறாகப் போயிற்று. இளையர்களைக் கெடுக்கும் மாத்திரை என்று எதிர்ப்புக் கிளம்பியது. மருந்துக் கடைகள் ஒவ்வொன்றாக அதை வைப்பதை நிறுத்திக்கொண்டன. பின்னர் செய்தியாளர்கள் பலமுறை கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டுப் பார்த்தபோது கிடைத்த பதில்கள்: "இல்லை", "தடை செய்துவிட்டார்கள்", "நாங்கள் வைப்பதில்லை". மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளைக் கேட்டால், அப்படித் தடை எதுவும் இல்லை என்கிறார்கள். தடையே இல்லாத ஒரு பொருள் ஒரு மாநிலத்தின் கடைகளிலிருந்து இவ்வளவு காலம் காணாமல் போயிருப்பது விந்தைதான்.

கடைக்காரரின் பயத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கருக்கலைப்பு மாத்திரைக்கு இந்தியாவில் கடுமையான விதிகள் உண்டு. சீட்டு வேண்டும், பதிவேடு வேண்டும், சோதனைக்கு அதிகாரிகள் வருவார்கள். இரண்டு மாத்திரைக்கும் வித்தியாசம் தெரியாத கடைக்காரர், வம்பு எதற்கு என்று இரண்டையும் ஒதுக்கிவிடுகிறார். வித்தியாசம் தெரிந்தவருக்கும் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்ற கவலை. ஒரு மாத்திரையின் லாபம் எவ்வளவு? அதற்காகக் கெட்ட பெயர் வாங்குவானேன் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் அடிபடுவது கடைவாசலில் நிற்கும் பெண்.

உலகின் மற்ற இடங்களில் சட்டமும் கடையும் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. பிரிட்டனில் 2001இல் அவசர மாத்திரையை மருந்தாளரே கொடுக்கலாம் என்றானது. அங்கே 2021இல் அன்றாட மாத்திரையில் ஒரு வகையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அமெரிக்காவில் 2013 முதல் அவசர மாத்திரைக்கு வயது வரம்பு கிடையாது. அன்றாட மாத்திரையான "ஓபில்" 2024இல் அங்கே கடை அலமாரிக்கு வந்தது. பிரிட்டனில் மருந்தாளர் முதலில் சில கேள்விகளைக் கேட்கப் பயிற்சி பெற்றார். அதன் பிறகே மாத்திரையை எடுத்து நீட்டினார்.

மருந்தாளர் செய்யக்கூடியது

சிங்கப்பூர் மருந்தாளரால் மாத்திரையை விற்க முடியாது. ஆனால் வழிகாட்ட முடியும். வந்தவரைச் சற்று ஒதுக்குப்புறமாக அழைத்து, "எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்று கேட்பதே பாதி உதவி. பக்கத்தில் இந்நேரத்தில் திறந்திருக்கும் தனியார் மருந்தகம் எது, காணொளிவழி மருத்துவரைப் பார்க்கலாமா என்று சொல்வது மறுபாதி. பொங்கோலில் 2017 முதல் பலதுறை மருந்தகம் இருக்கிறது. ஆனால் அது சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு கிடையாது. திங்கட்கிழமை காலைவரை காத்திருந்தால் 72இல் ஏறக்குறைய பாதி போய்விடும். இரவிலும் இயங்கும் தனியார் மருந்தகங்கள் தீவில் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை.

மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய சில விவரங்கள் உண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களுக்கும், வலிப்புக்குக் கார்பமாஸெப்பின், ஃபெனிட்டாயின் போன்ற மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்கும் லெவோனார்ஜெஸ்ட்ரலின் வேகம் குறைந்துவிடும். உடல் எடை 70 கிலோவைத் தாண்டினாலும் பலன் குறையலாம். மூன்று நாள் கடந்துவிட்டதென்றால் யுலிப்ரிஸ்டால் என்ற இன்னொரு மாத்திரை ஐந்து நாள்வரை வேலை செய்யும். எல்லாவற்றிலும் உறுதியானது செம்பு பூசிய கருத்தடை வளையம். ஐந்து நாளுக்குள் பொருத்தினால் கரு தங்குவது மிக மிக அரிது. அதோடு, பல ஆண்டுகளுக்கு வேறு கருத்தடையைத் தேட வேண்டியதில்லை. மாத்திரை சாப்பிட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் திரும்பவும் ஒன்று சாப்பிட வேண்டும்.

மேலே சொன்ன தம்பதியருக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்திருக்கும். "பால் கொடுக்கும்வரை கரு தங்காது" என்று நம் பாட்டிமார் சொல்வது முழுப் பொய்யல்ல. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் அது பெரும்பாலும் உண்மை. மூன்றில் ஒன்று தவறினாலும் அதை நம்பியிருக்க முடியாது. ஒன்பது மாதக் குழந்தை கஞ்சியும் இட்லியும் சாப்பிடத் தொடங்கியிருக்கும். பால் கொடுக்கும் தாயும் லெவோனார்ஜெஸ்ட்ரல் சாப்பிடலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஊரிலிருந்து வரும் பெண்கள் தேடும் இன்னொரு மாத்திரை "சஹேலி". லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சிக் கழகம் கண்டுபிடித்தது. அதில் ஹார்மோன் கிடையாது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்பது கணக்கு. 2016 முதல் இந்திய அரசு அதையே "சாயா" என்ற பெயரில் இலவசமாகக் கொடுக்கிறது. திருமணமாகி இங்கு வந்த பெண் சிராங்கூன் சாலையில் அதைத் தேடிப் பயனில்லை. இந்தியாவுக்கு வெளியே அது பெரும்பாலும் விற்பனையில் இல்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு மூன்று மாதத்துக்கான மருந்தைப் பயணத்தின்போது கையோடு கொண்டுவரச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் விதி இடம் தருகிறது. அது தீர்வதற்குள் மருத்துவரைப் பார்த்து, இங்கே கிடைக்கும் வேறொன்றுக்கு மாறிக்கொள்வதுதான் வழி. முகம் தெரியாத இணைய வியாபாரியிடம் வாங்குவது அதைவிட ஆபத்தானது. உள்ளே இருப்பது என்ன மாத்திரை என்று அவருக்கே தெரியாது.

பிள்ளைகள் குறைந்துபோன நாட்டில் இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. "இரண்டோடு போதும்" என்று 1972இல் சொன்ன நாடு, 1987இல் "மூன்று, முடிந்தால் அதற்கு மேலும்" என்றது. 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு பிள்ளைகூட இல்லை, 0.97தான். ஆனால் பிள்ளை வேண்டும் என்பவருக்கும் இடைவெளி வேண்டும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே இரண்டு ஆண்டாவது இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒன்பதாம் மாதத்தில் எதிர்பாராமல் வரும் கரு, மூன்றாவது பிள்ளையைப் பற்றிய ஆசையையே கெடுத்துவிடக்கூடும்.

இல்லப் பணிப்பெண்களின் நிலை இன்னும் நெருக்கடியானது. வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைப்படி அவர்கள் இங்கே கருத்தரிக்கக்கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. தவறினால் வேலை போகும், ஊரில் கடன் நிற்கும். ஓய்வுநாளில் மட்டும் வெளியே வர முடிகிற ஒருத்தி லிட்டில் இந்தியாவில் மருந்துக் கடைக்காரரிடம் தமிழில் ஒரு வார்த்தை கேட்டால், அதற்கு முழுப் பதில் கிடைப்பது அவளுக்குப் பெரிய விஷயம்.

இதற்கெல்லாம் அவசரப்படாமல் பேசுவதற்கு உகந்த நேரம் ஒன்று இருக்கிறது. பிரசவத்துக்குப் பிந்திய ஆறாவது வாரப் பரிசோதனை. அப்போது குழந்தையின் எடையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறோம். இந்த ஒரு கேள்வியை விட்டுவிடுகிறோம். எது பொருந்தும் என்று அன்றே மருத்துவரிடம் கேட்கலாம். அவசரத்துக்கு ஒரு மாத்திரையை முன்கூட்டியே எழுதித் தர முடியுமா என்றும் கேட்கலாம்.

பற்பசையோடு வீடு திரும்பியவருக்கு ஞாயிறு காலையிலும் நேரம் இருக்கிறது. புளோக்கின் கீழ்த்தளத்தில் தனியார் மருந்தகம் திறந்திருந்தால் மனைவியையும் அழைத்துக்கொண்டு போகலாம். மாத்திரையை அங்கேயே தண்ணீர் வாங்கி விழுங்கிவிட்டு, நாள்காட்டியில் மூன்று வாரம் தள்ளி ஒரு வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குள் மாதவிடாய் வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டிய நாள் அது. அந்தப் பரிசோதனைக் கருவிக்குச் சீட்டு வேண்டாம், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும்.