இலவசம் சரி, பாடம் யார் கையில்?

ஜூனில் பள்ளிகள் திறப்பதற்குள் அறிவியல் காணொளிகளையும் சிமுலேஷன்களையும் திரட்டிவிட வேண்டும் என்ற அவசரம் ஆசிரியர்களின் கடிதங்களில் தெரிகிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்வி: 'பாடநூலிலேயே கியூஆர் கோடு இருக்கும்போது தனியாகச் சேமித்துவைக்க வேண்டுமா?' வேண்டும். ஏன் என்பது அந்தக் கோடு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களின் கோடுகள் ஆசிரியர்களை 'தீக்‌ஷா'வுக்கு அழைத்துச் சென்றன. ஒன்றிய அரசு 2017-ல் தொடங்கி, 2020-ல் 'ஒரே நாடு, ஒரே டிஜிட்டல் தளம்' என்று பட்டம் சூட்டிய தளம் அது. தீக்‌ஷாவின் கோட்டுக்குள் பாடம் எதுவும் கிடையாது. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறி ஒன்றே இருக்கிறது. அந்தக் குறிக்கு எந்தக் காணொளி, எந்த வினாக்கள் என்பதைத் தளத்தில் உள்ள பட்டியல் தீர்மானிக்கிறது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஒளிவிலகல் காணொளியில் கோணம் தவறாக இருந்தால், அச்சான புத்தகங்களைத் தொடாமலே பட்டியலில் மாற்றிவிடலாம். நெருடுவதும் அதுவே. திருத்த முடிந்தவரால் நீக்கவும் முடியும். நீக்கினால் புத்தகத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. போதாக்குறைக்கு, ஸ்கேன்களின் எண்ணிக்கையே திட்டத்தின் வெற்றியாகக் காட்டப்படுகிறது. ஸ்கேன் செய்த மாணவருக்கு ஒளிவிலகல் புரிந்ததா என்பது அந்தக் கணக்கில் வராது.

'செயலியிலேயே பதிவிறக்கி இணையமின்றிப் பார்க்கலாமே' என்று கேட்கலாம். பார்க்கலாம், ஆனால் திறப்பதற்கு அதே செயலி வேண்டும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய 'ஃபெட்' இதற்கு மாறானது. அதன் எச்டிஎம்எல்5 சிமுலேஷன் ஒவ்வொன்றும் ஒரே கோப்பு. பென்டிரைவில் எடுத்துப்போய் ஹைடெக் லேப் கணினியின் பிரவுசரில் திறந்தால் மின்சுற்று ஓடும்; இணையமோ கணக்கோ தேவையில்லை. சேமித்த கோப்பும் சாகுமே என்பது நியாயமான மறுப்பு. 2020 இறுதியில் அடோபி ஃபிளாஷைக் கைவிட்டபோது பழைய அறிவியல் அனிமேஷன்கள் பிரவுசர்களில் இயங்காமல் போயின. ஆனால் கோப்பைக் கையில் வைத்திருந்தவர்களால் 'ரஃபிள்' போன்ற மென்பொருளைக் கொண்டு அவற்றில் பலவற்றை மீண்டும் ஓட்ட முடிந்தது. இணைப்பை மட்டும் குறித்துவைத்தவர்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே ஒரு வளத்தை எடைபோடும்போது விலைக்கு முன்னால் கேட்க வேண்டியது இது: தந்தவர் நாளை கதவைச் சாத்தினால் வகுப்பு நடக்குமா?

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

கட்டணம் உண்டா? தீக்‌ஷா, ஃபெட் இரண்டுக்கும் இல்லை, டேட்டா செலவு மட்டும் உங்களுடையது.

தமிழில் கிடைக்குமா? ஃபெட்டில் பல உண்டு. கலைச்சொற்கள் பாடநூலோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாணவர் விவரங்களைப் பதியலாமா? அவசியமில்லாமல் வேண்டாம், தீக்‌ஷாவில் இருந்த ஆசிரியர், மாணவர் விவரங்கள் பாதுகாப்பின்றித் திறந்துகிடந்தது 2023-ல் வெளிவந்தது.

ஆய்வகத்துக்கு மாற்றா? இல்லை. வினிகரும் சமையல் சோடாவும் கையில் இருக்கும்போது திரை எதற்கு?

எதை முதலில் சேமிப்பது? அணு, மூலக்கூறு, கோள்களின் இயக்கம் என்று மேசைமேல் வைத்துக் காட்ட முடியாதவற்றை.