ஆபிஸ் திரும்ப ஏற மாட்டேங்குதா? உடனே ஃபார்மட் அடிக்காதீங்க

இந்த வாரக் கேள்வி வீரகேரளம்புதூர்ல இருந்து. அதாங்க, தென்காசி மாவட்டத்துல சுரண்டைக்குப் பக்கத்துல இருக்கிற வி.கே.புதூர். அங்க மனு, ஒப்பந்தம் எல்லாம் டைப் பண்ணிக் குடுக்கிற அண்ணாச்சி ஒருத்தர், வேர்டு திறக்கலன்னு எம்.எஸ். ஆபிஸை அன்இன்ஸ்டால் பண்ணிட்டார். திரும்பப் போட்டா பாதியில நின்னு எரர் காட்டுது. சரி பண்ண வந்த பையன், "ஃபார்மட் அடிச்சிரலாம் அண்ணாச்சி"ன்னுட்டான்.

நான் வேண்டாம்னேன். ஃபார்மட் அடிச்சா ஆபிஸ் ஏறிடும், அது பொய் இல்ல. ஆனா கூடவே என்ன போகும்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல, ஏன் ஏற மாட்டேங்குது? கன்ட்ரோல் பேனல்ல அன்இன்ஸ்டால் குடுத்தா எல்லாமே போயிடும்னு நினைக்கிறோம். அந்த வேலை பாதியில நின்னிருந்தா ரெஜிஸ்ட்ரி பதிவுகள், லைசென்ஸ் தகவல், சில ஃபோல்டர்கள் அப்படியே கிடக்கும். புது செட்டப் அதைப் பார்த்து, பழைய ஆபிஸ் இன்னும் இருக்குன்னு நினைச்சுக்கும். அதனால ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க. அப்புறம் மைக்ரோசாஃப்ட்டே இலவசமா தர்ற, ஆபிஸை முழுசா நீக்குற கருவியை ஓட்டுங்க. இப்ப அது 'கெட் ஹெல்ப்' ஆப் வழியா கிடைக்குது. ரெஜிஸ்ட்ரிக்குள்ள நீங்களே கைவைக்க வேண்டாம்.

எரர் நம்பரை ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. 30102-ன்னு ஆரம்பிச்சா பெரும்பாலும் டிஸ்க்ல இடம் இல்ல. ஆபிஸுக்கு 4 ஜிபியாவது காலியா வேணும். 30068-ன்னா 'க்ளிக்-டு-ரன்' சர்வீஸ் முடங்கியிருக்கலாம். கம்ப்யூட்டர் வேகமாகும்னு யூட்யூப் பார்த்து அதை நிறுத்தி வெச்சவங்க நிறைய பேர். விண்டோஸ் சர்வீசஸ் பட்டியல்ல அதைத் தேடி 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்க.

அண்ணாச்சி கேஸ்ல ரெண்டுமே இல்ல. 32-பிட், 64-பிட் சண்டை. ஒரே மெஷின்ல இந்த ரெண்டு வகை ஆபிஸும் சேர்ந்து இருக்காது. "நான்தான் ஆபிஸை எடுத்துட்டேனே தம்பி"ன்னார். ஆபிஸ் போயிடுச்சு, சரி. ஆனா எப்பவோ போட்ட பில்லிங் சாஃப்ட்வேர், 'ஆக்சஸ் டேட்டாபேஸ் என்ஜின்'னு ஒரு 32-பிட் துண்டைக் கூடவே இறக்கியிருக்கு. அதுவும் ஆபிஸ் குடும்பம்தான். ஆப்ஸ் பட்டியல்ல கீழ கிடக்கும், யாரும் கவனிக்க மாட்டோம். அதை எடுத்தா பில்லிங் படுத்துரும். அதனால 64-பிட்டை விட்டுட்டு 32-பிட் ஆபிஸையே போடச் சொன்னேன். ஏறிடுச்சு. மனு அடிக்க 32-பிட் தாராளம்.

கீ அட்டை தொலைஞ்சவங்களுக்கு ஒண்ணு. கடையில வாங்கின ஆபிஸ் 2013-க்குப் பிறகு வந்ததுன்னா, முதல்தடவை கீ போட்டப்பவே அது உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கோட சேர்ந்திருக்கும். அதே இமெயில்ல லாகின் பண்ணி இறக்கிக்கலாம். பென் டிரைவ்ல சுத்துற கிராக் காப்பி பக்கம் போகாதீங்க, வைரஸோட வரும். ஆபிஸ் 2016, 2019 ரெண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓட ஆதரவு முடிஞ்சிருச்சு. ஓடும், பாதுகாப்பு அப்டேட் வராது. அவசரத்துக்கு லிப்ரெ ஆபிஸ் இருக்கு, இலவசம், வேர்டு ஃபைலைத் திறக்கும்.

இப்ப ஃபார்மட்டுக்கு வர்றேன். 2010-லயே தமிழக அரசு யூனிகோடுக்கு மாறச் சொல்லிடுச்சு. ஆனா இந்த மாதிரி கடைகள்ல பழைய ஃபைல் எல்லாம் வானவில் ஃபான்ட்லதான் இருக்கும். அந்த ஃபான்ட் ஆபிஸுக்குள்ள இல்ல, விண்டோஸோட ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கு. சி டிரைவை ஃபார்மட் அடிச்சா ஃபான்ட் போச்சு, தட்டச்சு மென்பொருளும் போச்சு. ஃபைலை பேக்கப் எடுத்திருந்தாலும், திறந்தா ஆங்கில எழுத்தும் குறியுமா கிறுக்கலாத்தான் தெரியும். அந்த மென்பொருளோட சிடி இப்ப யார்கிட்ட இருக்கும்?

அண்ணாச்சிகிட்ட அப்படி பல வருஷத்து ஃபைல் இருக்கு. அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரை ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்து மேஜை டிராயர்ல போடச் சொல்லியிருக்கேன். வானவில் ஃபைலை யூனிகோடா மாத்துறது எப்படின்னு அடுத்த எபிசோட்ல பேசுவோம்.