விண்டோஸ் புதிது, விமானம் பழையது

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஃபார்மட் செய்து, விண்டோஸை மறுபடி நிறுவியாயிற்று. பிரவுசர் பறக்கிறது, பாட்டு ஓடுகிறது, பழைய கடிதங்கள் திறக்கின்றன. சாயங்காலம் ஆசையாக ஃப்ளைட் சிமுலேட்டரைத் திறக்கிறீர்கள். விமானத்தைத் தேர்ந்தெடுத்து, ஓடுபாதையைத் தேர்ந்தெடுத்து, பறக்கும் பொத்தானை அழுத்துகிறீர்கள். நிலப்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிவருகிறது. எழுபது சதவீதம், எண்பது... திரை ஒரு கணம் உறைகிறது. நிரல் நின்றுவிட்டது என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. விமானம் ஓடுபாதைக்கே வந்து சேரவில்லை. போன வாரம்வரை இதே கம்ப்யூட்டரில் மணிக்கணக்காகப் பறந்த விமானம்தான்.

இந்த இடத்தில் பலர் விண்டோஸை இன்னொரு தடவை நிறுவிப் பார்ப்பார்கள். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போகும். விமானம் அதே எண்பது சதவீதத்தில் விழும். புதிய விண்டோஸில் கோளாறு எதுவும் இருக்காது. பழைய விண்டோஸில் சில வருடங்களாக ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருந்த ஏதோ ஒன்று இதில் இல்லை, அவ்வளவுதான். அது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

உதாரணத்துக்கு மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸை எடுத்துக்கொள்வோம். பறப்பவர்கள் சுருக்கமாக எஃப்எஸ்எக்ஸ் என்பார்கள். வெளிவந்தது 2006 அக்டோபரில். இருபத்துநாலாயிரத்துச் சொச்சம் விமான நிலையங்களோடு வந்தது. இன்னும் அதை விடாமல் வைத்துப் பறப்பவர்கள் உண்டு. இந்த வரிசையின் முதல் பதிப்பு, புரூஸ் ஆர்ட்விக் எழுதியது, 1982இல் ஐபிஎம் பிசிக்காக வந்தது. பிறகு ஐபிஎம்மைப் பார்த்து மற்ற நிறுவனங்கள் கம்ப்யூட்டர் செய்யத் தொடங்கியபோது, 'இது நிஜமாகவே ஐபிஎம் மாதிரிதானா' என்று பார்க்க அதில் ஃப்ளைட் சிமுலேட்டரை ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடினால் நல்ல நகல். இயந்திரத்தின் மூலைமுடுக்கையெல்லாம் தொட்டுப் பார்க்கிற நிரல் என்பதால் அந்த மரியாதை. அந்தக் குணம் வம்சத்தில் தங்கிவிட்டது. கம்ப்யூட்டரில் எங்கேயாவது ஒரு திருகு தளர்ந்திருந்தால் முதலில் விழுவது சிமுலேட்டர்தான்.

தேதிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். எஃப்எஸ்எக்ஸ் எழுதப்பட்டது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில். அது வெளிவந்து மூன்று மாதம் கழித்து, 2007 ஜனவரியில், விண்டோஸ் விஸ்டா கடைகளுக்கு வந்தது. 2007இலேயே இரண்டு சர்வீஸ் பேக்குகள் போட்டு ஓரளவு சரிசெய்தார்கள். 2009 ஜனவரியில் இதை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை மைக்ரோசாஃப்ட் மூடிவிட்டது. விண்டோஸ் 7 வந்தது அதே வருடம் அக்டோபரில். அதாவது, எத்தனையோ பேர் எஃப்எஸ்எக்ஸை ஓட்டிய விண்டோஸ் 7 கடைக்கு வந்தபோது, சிமுலேட்டரைப் பெற்றவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. 2014 டிசம்பரில் டவ்டெய்ல் கேம்ஸ் என்ற நிறுவனம் அதை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஸ்டீம் பதிப்பாக வெளியிட்டது. ஆனால் உள்ளே இருப்பது அதே பழைய எஞ்சின்.

'சிமுலேட்டர் டி டிரைவில் இருக்கிறது, நான் சி டிரைவைத்தானே அழித்தேன்' என்பார்கள். டி டிரைவில் இருப்பது மரம். வேர் முழுக்க சி டிரைவில் இருந்தது. எஃப்எஸ்எக்ஸ் தான் குடியிருக்கும் இடத்தை விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்திருக்கும். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கூடுதல் விமானமும் அந்த முகவரியைப் பார்த்துத்தான் வந்து உட்காரும். கிராஃபிக்ஸ் கார்டின் பெயர், திரையின் அளவு, நீங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் உங்கள் யூசர் கணக்குக்குள் ஒளிந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டரில், எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி என்ற கோப்பில் இருந்தன. எந்தெந்த ஊரின் காட்சிகளை ஏற்ற வேண்டும் என்ற பட்டியல் புரோகிராம்டேட்டாவில். இவை தவிர விஷுவல் சி++ 2005இன் துணை நூலகங்கள், எக்ஸ்எம்எல் படிக்கும் கருவி, டைரக்ட்எக்ஸ் 9இன் கோப்புகள். புதிய விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 11, 12 என்று இருக்கும். ஆனால் 9இன் காலத்து விளையாட்டுகள் தேடும் சில கோப்புகள் அதில் வராது. மைக்ரோசாஃப்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பைத் தனியாகப் போட வேண்டும். அது புதியதை அழித்துவிட்டுப் பழையதை வைக்காது. விட்டுப்போனதைச் சேர்க்கும், பயப்பட வேண்டாம்.

இவற்றில் பலரும் கோட்டைவிடுவது சிம்கனெக்டை. சிமுலேட்டரோடு வெளி மென்பொருள்கள் பேசுவதற்கான கதவு அது. வானிலை மென்பொருள், புதிய காக்பிட், வரைபடம் எல்லாம் அந்தக் கதவைத் தட்டித்தான் உள்ளே வரும். அதில் மூன்று பதிப்புகள்: முதல் வெளியீட்டோடு வந்தது, முதல் சர்வீஸ் பேக்கோடு வந்தது, இரண்டாவதோடு வந்தது. 2006இல் எழுதிய ஆட்-ஆன், அதாவது கூடுதல் மென்பொருள், முதல் கதவைத்தான் தேடும். புதுக் கதவு எவ்வளவு அகலமாகத் திறந்திருந்தாலும் ஏறெடுத்துப் பார்க்காது. இந்தக் கதவுகள் சிமுலேட்டரின் ஃபோல்டரில் இல்லை, விண்டோஸின் ஃபோல்டருக்குள் இருந்தன. ஃபார்மட்டோடு போயின. ஸ்டீம் பதிப்பில் மூன்றுக்குமான நிறுவல் கோப்புகள் உள்ளேயே ஒரு மூலையில், பழைய இணைப்புகள் என்ற பொருளில் 'லெகசி இன்டர்ஃபேசஸ்' என்ற ஃபோல்டரில், இருக்கின்றன. மூன்றையும் ஒவ்வொன்றாக நிறுவிக்கொள்ளலாம்.

சரி, விழுந்த விமானத்தை எப்படி விசாரிப்பது? நிஜ விமானம் விழுந்தால் கறுப்புப் பெட்டியைத் தேடுவார்கள். 1950களில் மெல்பர்னில் டேவிட் வாரன் உருவாக்கிய யோசனை அது. பெட்டி கறுப்பாக இருக்காது, சட்டென்று கண்ணில் பட ஆரஞ்சு வண்ணம் பூசியிருப்பார்கள். உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு: ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தட்டினால் திறக்கும். விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் அப்ளிகேஷன் என்ற பகுதியில், சிமுலேட்டர் விழுந்த நேரத்துக்கு நேராகச் சிவப்புக் குறியோடு, 1000 என்ற எண்ணோடு ஒரு பதிவு இருக்கும். அதில் மூன்று விவரம் போதும்: விழுந்த நிரல், தவறு நடந்த மாட்யூலின் பெயர், பிழை எண். பிழை எண் பெரும்பாலும் சி0000005 என்று முடியும். தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தில் நிரல் கை வைத்தது என்று பொருள்.

மாட்யூலின் பெயரை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். பிணம் கிடந்த வீட்டுக்காரனே கொலைகாரன் என்று போலீஸ் முடிவுகட்டுவதில்லை. என்டிடிஎல்எல் என்று வந்தால் அதில் துப்பே இல்லை. எல்லா நிரலும் அந்த வழியாகத்தான் போய்வரும். கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனத்தின் கோப்பு பெயர் வந்தால், புது விண்டோஸ் தானாகப் போட்ட டிரைவரை எடுத்துவிட்டு, அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் கார்டுக்கு உரியதைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் எனக்கு ரேம் மீதுதான் முதல் சந்தேகம் வரும். விண்டோஸிலேயே நினைவகத்தைச் சோதிக்கும் கருவி இருக்கிறது. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

விண்டோஸ் 7 காலத்தில் இந்தப் பதிவுகளில் அடிக்கடி வந்த பெயர் ஒன்று உண்டு: யுஐஆட்டோமேஷன்கோர். அதன் கதை சுவாரஸ்யமானது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு 'இங்கே ஒரு பொத்தான், இங்கே ஒரு மெனு' என்று சொல்லிக் கொடுக்கும் விண்டோஸ் கோப்பு அது. பறத்தலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் பறந்துகொண்டிருக்கும்போது மெனுவைத் திறந்து மூடி, திறந்து மூடி என்று சில தடவை செய்தால் எஃப்எஸ்எக்ஸ் விழும். விண்டோஸ் 7இல் வந்த புதிய கோப்போடு அதற்கு ஒத்துப்போகவில்லை. பயனர்கள் கண்டுபிடித்த வைத்தியம் எளிமையானது. விஸ்டாவில் இருந்த அதே பெயர்கொண்ட பழைய கோப்பை எடுத்து, எஃப்எஸ்எக்ஸ் இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டுவிட்டார்கள். இத்தகைய கோப்பு தேவைப்பட்டால் ஒரு நிரல் முதலில் தன் சொந்த ஃபோல்டரில் தேடும், அங்கே கிடைக்காவிட்டால்தான் விண்டோஸின் ஃபோல்டருக்குப் போகும். ஆகவே எஃப்எஸ்எக்ஸுக்கு மட்டும் பழைய கோப்பு, மற்ற எல்லா நிரல்களுக்கும் புதியது. விண்டோஸில் ஒரு தூசியைக்கூடத் தொடவில்லை. ஃபார்மட் செய்து சிமுலேட்டரையும் புதிதாக நிறுவியவர்களுக்கு இந்தக் கோப்பு காணாமல் போயிருக்கும். என்றோ போட்டது, போட்டதே மறந்திருக்கும். அதற்காக இந்த மாதிரிக் கோப்புகளை விநியோகிக்கும் கண்ட தளத்திலிருந்தும் இறக்கிக்கொள்ளாதீர்கள். வைரஸுக்குக் கதவைத் திறந்துவிடும் வேலை அது. விண்டோஸ் 7 தவிர்த்த மற்றவற்றில் இந்த வைத்தியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதும் சரியல்ல.

விழும் நேரமும் ஒரு துப்பு. ஐகானைத் தட்டியதுமே விழுந்தால் துணை நூலகங்களில் ஏதோ குறைகிறது. நிலப்பரப்பு ஏறும்போது விழுந்தால் கிராஃபிக்ஸ் டிரைவர், எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பு, ஆட்-ஆன் இந்த மூன்றில் ஒன்று. ஒரு மணிநேரம் நன்றாகப் பறந்து, பெரிய நகரம் ஒன்றை நெருங்கும்போது விழுந்தால் அது வேறு சங்கதி. எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் நிரல். 32 பிட்டால் எண்ணக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி; அதுதான் 4 ஜிபி. நீங்கள் 16 ஜிபி ரேம் வாங்கிப் போட்டிருந்தாலும் அதன் கண்ணுக்கு 4 ஜிபிக்கு மேல் தெரியாது. கட்டடங்கள், மரங்கள், மேகங்கள், விலையுயர்ந்த ஆட்-ஆன் விமானம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் நினைவகம் போதவில்லை என்று சொல்லிச் சாகும். 32 பிட் விண்டோஸை நிறுவியிருந்தால் அந்த 4கூடக் கிடைக்காது, வழக்கமாக 2தான். 64 பிட் விண்டோஸாகப் போடுங்கள், காட்சித் தரத்தின் அளவுகளைக் கொஞ்சம் குறையுங்கள்.

அமைப்புக் கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபார்மட் செய்யும் முன் கவனமாகப் பிரதி எடுத்துவைத்து, அதை அப்படியே புதிய விண்டோஸில் கொண்டுவந்து ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். பழைய வியாதியையும் கூடவே கூட்டிவருகிற காரியம் இது. எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜியின் பெயரை மாற்றிவிட்டுச் சிமுலேட்டரைத் திறங்கள். கோப்பைக் காணோம் என்றதும் அது தானே புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளும். அதில் பறக்க முடிந்தால் குற்றவாளி பிடிபட்டான். அதன் பக்கத்திலேயே டிஎல்எல்.எக்ஸ்எம்எல், இஎக்ஸ்இ.எக்ஸ்எம்எல் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும்; தொடங்கும்போது எந்தெந்த ஆட்-ஆனை எழுப்ப வேண்டும் என்பது அவற்றில். அவற்றுக்கும் தற்காலிகமாகப் பெயரை மாற்றி, சிமுலேட்டரோடு வந்த சாதாரண செஸ்னாவை ஓட்டிப் பாருங்கள். செஸ்னா பறந்தால், பட்டியலில் பாதியை மட்டும் திரும்பச் சேருங்கள். விழுந்தால் குற்றவாளி அந்தப் பாதியில், விழாவிட்டால் மறு பாதியில். பதினாறு ஆட்-ஆன் இருந்தாலும் நாலே தடவையில் ஆள் அகப்படுவான். ஒரே நேரத்தில் நாலு மாற்றம் செய்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த ஃபார்மட்டில் மறுபடி அழ வேண்டியிருக்கும்.

மறுபடி நிறுவுவதென்றால் வரிசை முக்கியம். விண்டோஸின் அப்டேட்டுகள், கிராஃபிக்ஸ் டிரைவர், டைரக்ட்எக்ஸ் 9, அதன்பின் சிமுலேட்டர். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் போடாதீர்கள். விஸ்டாவிலிருந்து அந்த ஃபோல்டருக்கு விண்டோஸ் காவல் போட்டிருக்கிறது. பழைய மென்பொருள் அங்கே எழுத முயன்றால், எழுதியதுபோல் காட்டிவிட்டு வேறொரு மறைவிடத்தில் வைத்துவிடும். நீங்கள் திருத்தும் கோப்பு ஒன்று, சிமுலேட்டர் படிக்கும் கோப்பு இன்னொன்று என்று ஆகி, தலைமுடியைப் பிய்த்துக்கொள்வீர்கள். டி டிரைவில் எஃப்எஸ்எக்ஸ் என்று தனி ஃபோல்டர் வைப்பது உத்தமம். நிறுவியதும் ஒருமுறை பறந்து இறங்கி, கம்ப்யூட்டரை மறுதுவக்கம் செய்து, முதல் சர்வீஸ் பேக், அப்புறம் இரண்டாவது. ஸ்டீம் பதிப்பில் இந்தச் சர்வீஸ் பேக் சடங்கு இல்லை. ஆட்-ஆன்கள் கடைசியில், ஒவ்வொன்றாக.

2003இல் வந்த முந்தைய பதிப்பை டிஸ்க்கிலிருந்து போட்டு விண்டோஸ் 10இல் தவிப்பவர்கள் இவ்வளவும் செய்ய வேண்டாம். அதன் டிஸ்க்கில் இருந்த சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்புப் பூட்டுக்கான ஆதரவை விண்டோஸ் 10 விலக்கிவிட்டது. எத்தனை முறை நிறுவினாலும் திறக்காது. 2020இல் வந்த ஃப்ளைட் சிமுலேட்டரில் பாடு குறைவு. விழுந்து எழுந்தால் ஆட்-ஆன் இல்லாமல் திறக்கட்டுமா என்று அதுவே கேட்கும். வெளியிலிருந்து நீங்களே கொண்டுவந்து போடும் கூடுதல் விமானங்களெல்லாம் கம்யூனிட்டி என்ற ஒரே ஃபோல்டரில். அதைக் காலிசெய்து பார்ப்பதுதான் முதல் சோதனை. டி டிரைவில் பழைய தொகுப்புகள் இருந்தால், நிறுவும்போது அந்த இடத்தைக் காட்டுங்கள். அத்தனை ஜிபியையும் மறுபடி இறக்கும் தண்டம் மிச்சமாகும்.

அடுத்த முறை ஃபார்மட் செய்யும் முன் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் போய், ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் ஃபைல்ஸ் என்பதிலிருந்து லாக்புக் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். நீங்கள் இதுவரை பறந்த மணிக்கணக்கு முழுவதும் அந்த ஒரே கோப்பில்தான் இருக்கிறது.