கணிப்பொறிப் பெட்டியில் காற்றுக்கு ஒரு வழி

கணிப்பொறியின் உள்ளுறுப்புகளைப் பற்றிப் பேசுவோர் பலர். அவற்றைத் தாங்கி நிற்கும் இரும்புப் பெட்டியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. உறுப்புகளை அடிபடாமல் காத்தல், மின்காந்த அலைகளைத் தடுத்தல், நிலத்தொடர்பு பெற்று மின்னதிர்ச்சியைத் தவிர்த்தல் ஆகிய பணிகளோடு, குளிர்ந்த காற்றை உள்ளே கொணர்ந்து வெப்பக் காற்றை வெளியேற்றும் பணியும் அப்பெட்டிக்கு உரியது. முதன்முதலாகப் பெட்டியைத் திருத்த முனைவோர் அழகையும் வண்ண விளக்குகளையும் பிறகு கருதலாம். காற்றின் வழியைச் சீர்செய்வதே முதற்பணியாதல் வேண்டும்.

ராஜஸ்தானத்திலும் விதர்ப்பத்திலும் கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அத்தகைய இடங்களில் ஒரே கணிப்பொறியை நம்பியிருக்கும் பள்ளியோ கிளை அலுவலகமோ உண்டெனின், பகற்பொழுதில் அது திடீரென நின்றுவிடுவது பெரும் இடையூறாகும். பெரும்பாலான மேசைக் கணிப்பொறிகளின் செயலிகள் ஏறத்தாழ 95 முதல் 100 டிகிரி வரை தாங்கவல்லன. அவ்வெல்லையை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பம் மேலும் ஏறினால் இயந்திரம் நின்றுவிடும். மின்தேக்கிகளின் ஆயுளும் 10 டிகிரி உயர்வுக்கு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது மின்னணுவியலார் கொள்ளும் பொதுக் கணக்கு.

எவ்வளவு காற்று வேண்டும்? இதனைப் பள்ளி மாணவரும் கணக்கிடலாம். ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிராம். ஒரு கிராம் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ ஒரு ஜூல் வெப்பம் வேண்டும். ஆகவே ஒரு லிட்டர் காற்று 10 டிகிரி சூடேறும்போது 12 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். கணிப்பொறி 100 வாட் வெப்பத்தை, அதாவது விநாடிக்கு 100 ஜூல், வெளிவிடுமாயின், விநாடிக்கு 8.3 லிட்டர், நிமிடத்திற்குச் சுமார் 500 லிட்டர் காற்று பெட்டியினூடே செல்லுதல் வேண்டும். நல்லதொரு 120 மில்லிமீட்டர் விசிறி தடையற்ற வெளியில் இதனினும் மிகுதியாகவே காற்றைத் தள்ளும். ஆயின் பழைய பெட்டிகளின் சிறு துளைகளும் அடைத்துக்கொண்ட தூசும் அக்காற்றின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன.

வெட்டுவதற்கு முன் செய்யத்தக்கன சில உண்டு. வெப்பந்தணிக்கும் உலோக இதழ்களில் படிந்த தூசை மென்தூரிகையால் அகற்றுக. காற்றின் பாதையில் தொங்கும் கம்பிகளை ஒதுக்கிக் கட்டுக. செயலியின்மேல் இட்ட வெப்பக் களிம்பு காய்ந்திருந்தால் புதிதாக இடுக. இவற்றாலேயே குறை தீருமாயின் பெட்டியை வெட்டத் தேவையில்லை. உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தில் கைவைத்தல் தகாது. அரசுடைமையான இயந்திரமாயின் மேலதிகாரியின் எழுத்து மூலமான இசைவைப் பெற்ற பின்னரே தொடங்குக.

முதன்முறை செய்வோர்க்குப் பக்கத் தகடே உகந்தது. இரண்டு திருகுகளைக் கழற்றினால் அது தனியே வந்துவிடும். எனவே வெட்டும்போது சிதறும் இரும்புத்தூள் தாய்ப்பலகையில் விழ இடமில்லை. அத்தூள் ஒரு துளி விழுந்தாலும் குறுக்கு மின்னோட்டத்தை உண்டாக்கக்கூடும். வேலை கெட்டாலும் கெடுவது ஒரு தகடு மட்டுமே. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கியை எக்காரணங்கொண்டும் திறத்தல் கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும்.

தாய்ப்பலகையை நோக்கிய பக்கத் தகட்டின் முன்கீழ்ப் பகுதியைத் தேர்ந்தெடுக்க. விசிறியின் தடிப்பு பொதுவாக 25 மில்லிமீட்டர். உள்ளே எதன்மீதும் அது இடியாது என்பதை முதலில் அளந்து உறுதி செய்க. தகட்டில் காகித நாடாவை ஒட்டி, 115 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டம் வரைக. அதே மையத்தைச் சுற்றி 105 மில்லிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளே திருகுத் துளைகளின் இடங்கள். தகட்டின் அடியில் மரப்பலகை வைத்து இறுகப் பிணைத்து, ஒரு சொட்டு எண்ணெய் இட்டு, மெதுவான வேகத்தில் துளையிடுக. வட்டமாக வெட்டும் ரம்பம் கிடைக்காவிடின், வட்டத்தின் உட்புறம் நெருக்கமாகச் சிறு துளைகள் இட்டு, அவற்றை இணைத்து வெட்டி, அரத்தால் சீர்செய்யலாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி இன்றியமையாதது. துளையிடும் கருவி சுழலும்போது கையுறை அணிதல் ஆகாது, அது கையைச் சுற்றி இழுத்துவிடும். வெட்டிய விளிம்பை அராவும்போது கையுறை கட்டாயம் வேண்டும்.

விளிம்பு வழவழப்பானதும், காகிதத்தில் பொதிந்த காந்தத்தால் இரும்புத்தூளை முற்றும் எடுத்துவிடுக. துருப்பிடியாதிருக்க விளிம்புக்கு வண்ணம் பூசுக. பெருந்துளை மின்காந்த அலைகளைக் கசியவிடுமாதலின் உலோகக் கம்பிவலை ஒன்றைத் தகட்டோடு சேர்த்துத் திருகுக; விரல் விசிறியிற் படாமலும் அது காக்கும். வெளிப்புறம் நைலான் வலையைத் தூசு தடுப்பாக வைக்கலாம். மிக நெருக்கமான துணி தூசோடு காற்றையும் தடுக்குமாதலின் அதனைத் தவிர்க்க.

விசிறி காற்றை உள்நோக்கித் தள்ளுமாறு அமைக்க. வலையினூடே உட்புகும் காற்று வெளியேறும் காற்றினும் சற்று மிகுந்திருந்தால், பெட்டியின் இடுக்குகளில் காற்று வெளிநோக்கியே கசியும். தூசு அவ்வழி நுழையாது. வலையை வாரம் ஒருமுறை கழுவி உலர்த்தாவிடில் இப்பயன் முழுவதும் கெடும். விசிறிக் கம்பி, தகட்டைத் திறக்கும்போது இழுபடாத அளவு நீளமாயிருத்தல் நலம்.

பயன் உண்டாயிற்றா என்பதை அளந்தே அறிதல் வேண்டும். திருத்தத்திற்கு முன்னும் பின்னும் ஒரே வேலையை அரைமணி நேரம் இயக்கி, செயலியின் வெப்பநிலையையும் அறையின் வெப்பநிலையையும் குறிக்க. முன்னர் அறை 36, செயலி 78 எனவும், பின்னர் அறை 31, செயலி 73 எனவும் இருப்பின், 5 டிகிரி குறைந்ததென மகிழ்தல் பிழை. வேறுபாடு இருமுறையும் 42 டிகிரியே. குறைந்தது அறையின் வெப்பமே ஆகும். வேறுபாடு 35 ஆகக் குறைந்திருந்தால் மட்டுமே உழைப்பு பயன் தந்ததாகக் கொள்ளலாம்.

ஆசிரியர்கள் இவ்வேலையை மாணவர் காணச் செய்வாராயின், வெப்ப ஏற்புத்திறன், காற்றழுத்தம், அளவையின் நேர்மை ஆகிய மூன்றும் ஒருங்கே விளங்கும். களப்பணியாளர், திருத்திய நாளையும் இருமுறை எடுத்த அளவுகளையும் ஒரு தாளில் எழுதித் தகட்டின் உட்புறம் ஒட்டிவைப்பாராக. பின்னர் அவ்வியந்திரத்தைப் பேணுவோர்க்கு அது பெருந்துணையாகும்.