பிள்ளைக்கு ஜெர்மன் மொழி: ஒலிப்பதிவைப் போட்டுவிட்டால் போதுமா?



நம் மஹல்லாவில் சபர் என்றால் முன்பெல்லாம் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்றுதான் பொருள். இப்போது ஜெர்மனியும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. கணினித் துறையினர், பொறியாளர்கள், நர்ஸிங் முடித்த பிள்ளைகள் போகிறார்கள். ஓரிரு ஆண்டுகளில் குடும்பத்தையும் அழைத்துக்கொள்கிறார்கள். விசா காகிதங்களைச் சரிபார்க்க நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எங்களை விடுங்கள், பிள்ளைக்கு ஜெர்மன் தெரியாதே, அங்கே போய் என்ன செய்யும்?"

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி வந்தார். ஐந்து வயது மகன். கணவர் ஜெர்மனியில் இருக்கிறார். அவர் அனுப்பிய கதை ஒலிப்பதிவுகளைத் தினமும் செல்போனில் போட்டுவிடுகிறாராம். "மூன்று மாதமாக ஓடுகிறது. ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. பிள்ளை மண்டையில் ஏறவில்லையா?" என்று கண் கலங்கினார்.

"அது ஓடும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்று கேட்டோம்.

"அடுப்படியில்தான்" என்றார்.

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

காதில் விழுவது மட்டும் ஏன் போதாது?

2003ஆம் ஆண்டு பாட்ரிசியா குல் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளைச் சேர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தார்கள். ஒரு பிரிவுக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் நேரில் உட்கார்ந்து, புத்தகம் காட்டி விளையாடினார்கள். மற்றவர்களுக்கு அதையே திரையில் காட்டினார்கள், அல்லது ஒலியாக மட்டும் கேட்கவிட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள். நேரில் ஆள் இருந்த குழந்தைகள் சீன மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. திரையும் ஒலியும் மட்டும் கிடைத்த குழந்தைகள் அதைக் கற்கவில்லை.

அது கைக்குழந்தைகளிடம் நடந்த சோதனை. ஐந்து வயதுப் பிள்ளை அப்படியே அல்ல. ஆனாலும் அதன் பாடம் நமக்குப் புதிதில்லை. நாம் குர்ஆன் ஓதக் கற்றது எப்படி? உஸ்தாத் முன்னால் உட்கார்ந்தோம். அவர் ஓதினார், நாம் திருப்பி ஓதினோம். அவர் நம் வாயைப் பார்த்தார், நாம் அவர் வாயைப் பார்த்தோம். கேஸட்டை மட்டும் போட்டுவிட்டு உஸ்தாத் வீட்டுக்குப் போயிருந்தால் நம்மில் எத்தனை பேர் ஓதியிருப்போம்?

"எனக்கே ஜெர்மன் தெரியாதே, நான் எப்படி உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பேன்?" என்று தாய்மார் கேட்பது நியாயம்தான். இங்கே வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். உச்சரிப்பை ஒலிப்பதிவு தரும். பொருளைப் படம் தரும். பக்கத்தில் ஆள் இருப்பதை உம்மாதான் தர வேண்டும். அந்த மூன்றாவதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

எப்படி உட்காருவது?

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும். மக்ரிபுக்குப் பிறகோ தூங்கப் போகும் முன்போ, தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒரே ஒரு சின்னப் புத்தகம். பத்துப் புத்தகத்தை ஒரு தடவை கேட்பதைவிட ஒரு புத்தகத்தைப் பத்துத் தடவை கேட்பது மேல். பெரியவர்களுக்குத்தான் சலிக்கும், பிள்ளைகளுக்குச் சலிக்காது.

முதல் நாள் ஒலிப்பதிவே வேண்டாம். படங்களைக் காட்டித் தமிழில் கதை சொல்லுங்கள். கதை தெரிந்த பிறகு கேட்கும்போது பிள்ளை அந்நிய ஒலிக்குள் தொலைந்து போகாது. இரண்டாம் நாள் ஒலியைப் போட்டு, சொல்லப்படும் பொருளின் மேல் விரலை வையுங்கள். மூன்றாம் நாள் பிள்ளையின் விரல் போகட்டும். பிறகு ஒரு சொல் வருவதற்குச் சற்று முன் ஒலியை நிறுத்திப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். சொன்னால் மகிழ்ச்சி. சொல்லாவிட்டால் நீங்களே சொல்லுங்கள், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை.

"இதற்கு ஜெர்மனில் என்ன? சொல்லு, சொல்லு!" என்று விருந்தாளிகள் முன்னால் பரீட்சை வைக்காதீர்கள். புது மொழிக்குள் போகும் பிள்ளைகளில் பலர் சில வாரம், சில மாதம் வாய் திறப்பதே இல்லை. அந்த நாட்களிலும் உள்ளே சேமிப்பு நடந்துகொண்டுதான் இருக்கும்.

தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுக்காதீர்கள்

சில வீடுகளில் ஜெர்மன் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். நாமும் இந்தக் கட்டுரையில் அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு அது உதவாது. காகிதம் என்ற சொல்லில் முதலில் வரும் ககரத்துக்கு ஓர் எழுத்து, அடுத்து வரும் ககரத்துக்கு வேறோர் எழுத்து என்று நம்மிடம் இல்லை. ஜெர்மனிலோ அந்த இரண்டும் வெவ்வேறு ஒலி, வெவ்வேறு எழுத்து. உதட்டைக் குவித்து 'ஈ' சொன்னால் வரும் ஒலியை எழுத நம்மிடம் எழுத்தே இல்லை. அதனால்தான் ஒலிப்பதிவு அவசியமாகிறது.

மக்தபுக்குப் போகும் பிள்ளைக்குச் சில வசதிகள் உண்டு. அரபியின் 'ஃகா' எழுத்தைத் தொண்டையிலிருந்து சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, ஜெர்மனில் 'புத்தகம்' என்ற சொல்லின் கடைசி ஒலி எளிதாக வரும். இருபத்தொன்றை அரபியில் 'ஒன்றும் இருபதும்' என்றுதானே சொல்கிறோம்? ஜெர்மன்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். சர்க்கரைக்கு அவர்கள் சொல்லும் 'ட்ஸுக்கர்' அரபியின் 'சுக்கர்' வழியாகப் போன சொல்.

கடினமானது ஒன்றும் உண்டு. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னும் டேர், டீ, டாஸ் என்ற மூன்றில் ஒன்று வரும். அரபியில் ஆண்பால், பெண்பால் இரண்டுதான். ஜெர்மனில் மூன்றாவதும் இருக்கிறது. கரண்டி 'டேர்', முள்கரண்டி 'டீ', கத்தி 'டாஸ்'. மூன்றும் ஒரே தட்டில்தான் கிடக்கின்றன, ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டால் பெரும்பாலும் காரணம் கிடையாது. பெரியவர்கள் பட்டியல் போட்டுப் படித்துத் திணறுவதை, பிள்ளைகள் கதையில் திரும்பத் திரும்பக் கேட்டே பிடித்துக்கொள்கிறார்கள். ஆகவே எந்தச் சொல்லையும் தனியாகச் சொல்லாமல் அந்த முன்சொல்லோடு சேர்த்தே சொல்லப் பழக்குங்கள்.

எந்தப் புத்தகம்?

எரிக் கார்ல் எழுதி வரைந்த, பசி அடங்காத குட்டிப் புழுவின் கதையிலிருந்து தொடங்கலாம். 1969இல் ஆங்கிலத்தில் வந்த புத்தகம் அது. ஜெர்மன் வீடுகளிலும் எல்லாருக்கும் தெரிந்தது. கிழமைகள், எண்கள், பழங்கள் எல்லாம் அதில் வந்துவிடும். அமெரிக்காவில் பிறந்த எரிக் கார்லை ஆறு வயதில் பெற்றோர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குக் கூட்டிப்போனார்கள். நம் பிள்ளைகளைப் போலவே நாடு மாறிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைதான் அவரும்.

அடுத்து, சுவிட்சர்லாந்தின் மார்குஸ் ஃபிஸ்டர் 1992இல் வெளியிட்ட வானவில் மீனின் கதை. தன் மின்னும் செதில்களை மற்ற மீன்களுக்குக் கொடுத்து நட்பைப் பெறும் மீன். ஸதகாவைப் பற்றிப் பிள்ளையிடம் பேச நல்ல வாய்ப்பு. கொஞ்சம் மொழி வந்த பிறகு, யானோஷ் 1978இல் எழுதிய கரடியும் புலியும் பனாமாவைத் தேடிப் போகும் கதையைக் கேட்கலாம்.

ஹாம்பர்கின் கார்ல்சன் பதிப்பகம் 1954 முதல் வெளியிடும் 'பிக்ஸி' புத்தகங்கள் உள்ளங்கை அளவுதான். பத்து சென்டிமீட்டர் சதுரம், இருபத்து நான்கு பக்கம், விலையும் குறைவு. விடுமுறைக்கு வருகிறவர்கள் பெட்டியில் சாக்லேட்டோடு பத்துப் பிக்ஸியையும் போட்டுக்கொண்டு வரலாம். 1812 முதல் அச்சில் இருக்கும் கிரிம் சகோதரர்களின் கதைகளை மூல நடையில் வாங்கிவிடாதீர்கள். மொழி பழையது, சில கதைகள் பயமுறுத்தும். ஓநாயும் ஏழு ஆட்டுக்குட்டிகளும் போன்றவற்றைச் சிறுவர் படப் புத்தகமாகவே வாங்குங்கள்.

புத்தகத்தில் பன்றி வருமே, சூனியக்காரி வருவாளே என்று சிலர் தயங்குகிறார்கள். முதலில் படங்களைப் பெரியவர்கள் ஒரு முறை புரட்டிப் பாருங்கள், வேண்டாததை வாங்காதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் மறைக்கவும் முடியாது. அந்தக் குட்டிப் புழு ஒரு நாள் சாப்பிடும் பட்டியலில் தொத்திறைச்சியும் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்று, "இஷ் எஸ்ஸெ கைன் ஷ்வைனெஃப்லைஷ்", அதாவது "நான் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை" என்று சொல்லிப் பழக்குங்கள். மழலையர் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மேசையில் பிள்ளைக்கு முதலில் வேண்டிய வாக்கியம் அதுதான்.

தமிழை விட்டுவிடாதீர்கள்

அங்கே போன பிறகு வீட்டிலும் ஜெர்மனே பேசலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். 1961இல் துருக்கியோடு செய்த தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஜெர்மனியில் குடியேறிய துருக்கிக் குடும்பங்களிலும் இதே கேள்வி எழுந்தது. பெற்றோர் தமக்கு நன்றாகத் தெரிந்த மொழியில் பிள்ளையோடு நிறையப் பேசுவதே நல்லது என்றுதான் இன்று பெரும்பாலான கல்வியாளர்கள் சொல்கிறார்கள். தமிழில் நன்றாகக் கதை சொல்லத் தெரிந்த பிள்ளை ஜெர்மனிலும் கதை சொல்லும். உம்மும்மாவோடு போனில் பேச முடியாத பிள்ளை எத்தனை மொழி பேசி என்ன?

விசாவும் பள்ளியும்

சின்னப் பிள்ளைகளுக்கு விசாவுக்காக எந்த மொழிச் சான்றிதழும் கேட்பதில்லை. மனைவிக்குப் பொதுவாக ஏ1 நிலை தேவை. கணவர் புளூ கார்டு வைத்திருந்தால் அதுவும் கட்டாயமில்லை. ஆகவே பிள்ளையை வகுப்பு வகுப்பாக விரட்ட வேண்டாம். ஒரு வயது முடிந்த பிள்ளைக்குக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்கும் சட்ட உரிமை 2013 ஆகஸ்ட் முதல் அங்கே இருக்கிறது. பள்ளிக்கூடம் பெரும்பாலும் ஆறு வயதில் தொடங்கும். போய் இறங்கிய வாரமே ஊர் நூலகத்துக்குப் போங்கள். பல ஊர்களில் சிறுவர் உறுப்பினர் அட்டைக்குக் காசு கிடையாது. படப் புத்தகங்களும் கதை ஒலிப்பதிவுகளும் அங்கே அடுக்கடுக்காக இருக்கும்.

வாப்பாவின் குரல்

அந்தச் சகோதரிக்கு நாம் சொன்ன யோசனை ஒன்றுதான். "கடை ஒலிப்பதிவு இருக்கட்டும். அதே புத்தகத்தில் இரண்டு பிரதி வாங்கி ஒன்றை இங்கே அனுப்பச் சொல்லுங்கள். மற்றதை உங்கள் கணவர் வாசித்து வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பட்டும். பக்கம் திருப்பும்போது மேசையைத் தட்டச் சொல்லுங்கள்."

அவருக்கும் ஜெர்மன் அரைகுறைதான். உச்சரிப்புத் திருத்தமாக இருக்காது என்று கூச்சப்பட்டாராம். திருத்தத்துக்குத்தான் கடை ஒலிப்பதிவு இருக்கிறதே. அவர் தினமும் வேலை முடிந்து ஒரு புத்தகம் வாசித்து அனுப்பினார். உம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மேசை மேல் ஆப்பிள் இருந்தது. உம்மா அதைக் காட்டி "டாஸ் ஆப்ஃபெல்" என்றார். மகன் நிமிர்ந்து பார்த்து, "டாஸ் இல்லம்மா, டேர். வாப்பா டேர்னுதான் சொல்லும்" என்றான். அதைச் சொன்ன பிறகு மேசையை ஒரு தட்டுத் தட்டினான்.

பிள்ளைகள் விமானம் ஏறும் முன்பே வாப்பாவின் குரலும் அந்த நாட்டின் மொழியும் ஒன்றாக வந்து சேரட்டும். விடுமுறையில் வருகிறவர்கள் படித்து முடித்த ஜெர்மன் படப் புத்தகங்களை நம் டிரஸ்ட் நூலகத்துக்குக் கொடுத்தால், அடுத்துப் போகவிருக்கும் பிள்ளைகளுக்கு இன்ஷா அல்லாஹ் உதவும். நம் பிள்ளைகள் எந்த ஊரில் இருந்தாலும் அவர்களுடைய ஈமானையும் நாவையும் அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.