ஆறு தொட்டி, ஒரு மெஷின், அரோகரா!

வீட்டில் ஒரு மீன் தொட்டி இருந்தால் பொழுதுபோக்கு. ஆறு இருந்தால்? அது இரண்டாவது உத்தியோகம் சார்! சம்பளமும் கிடையாது, லீவும் கிடையாது.

கொளத்தூர் மீன் கடைகளுக்கு 'சும்மா பார்த்துட்டு வரலாம்' என்று போனவன் வெறுங்கையோடு திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. நானும் முதலில் ஒரு ஜோடி கப்பிதான் வாங்கினேன். அது குட்டி போட்டது. குட்டிகளுக்குத் தனித் தொட்டி. அடுத்து ஃபைட்டர். யாரோடும் ஒத்துப்போகாத ஆசாமி, அவனுக்குத் தனிக்குடித்தனம். பிறகு கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், மோலி... மொத்தம் ஆறு!

"மீனுக்கு யார் சோறு போடறது? நான் உங்க அம்மா வீட்டுக்கு வரலை" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மனைவி பார்த்த பார்வையில்தான் ஆட்டோமேஷன் என்கிற ஞானோதயம் பிறந்தது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆறு குட்டி மோட்டார்களும் ஒரு கன்ட்ரோலர் போர்டும் வாங்கினேன். ஒவ்வொரு தொட்டி மேலும் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. காலை எட்டு, இரவு எட்டு மணிக்கு மோட்டார் டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தும். ஓட்டை வழியே தீனி விழும். ஒரு வாரம் ஜோராக வேலை செய்தது. எனக்கு நானே எடிசன் பட்டம் கொடுத்துக்கொண்டு, டப்பா நிறையத் தீனியை ரொப்பிவிட்டு, நாலு நாள் ஊருக்குக் கிளம்பினேன், குடும்ப சமேதராக.

திரும்பி வந்து கதவைத் திறந்தால்... நாற்றம்! தொட்டித் தண்ணீர் மோர்க்குழம்பாகக் கலங்கிக் கிடந்தது. ஒன்பது கப்பிகள் மிதந்தன. என் பெண் ஆசையாய் வளர்த்த கோல்டு ஃபிஷ், தண்ணீர் மட்டத்தில் வாயைப் பிளந்து தவித்தது.

"அப்பா, இதுக்குப் பசிக்குதாப்பா?" என்றாள்.

பசியா? அநியாயத்துக்கு விருந்து!

நாங்கள் இல்லாதபோது கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. வந்தபோதெல்லாம் போர்டு தூங்கி எழுந்த மாதிரி புரோகிராமை முதல் வரியிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. அந்த முதல் வரியில், சோதனைக்காக, 'எல்லா மோட்டாரையும் ஒருமுறை சுற்று' என்று எழுதி, எடுக்க மறந்த புத்திசாலி... ஹி... ஹி... அடியேன்தான்!

தின்னாமல் கிடக்கும் தீனி அழுகினால் அமோனியா உண்டாகும். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். ஆனால் மூட்டை மூட்டையாக வேலை வந்தால் பாவம், அவைதான் என்ன செய்யும்? மிஞ்சிய அமோனியா மீனின் செவுளைப் பொசுக்கிவிடும்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? குஞ்சுகளுக்குத்தான் அடிக்கடி தீனி வேண்டும். வளர்ந்த, ஆரோக்கியமான மீன் நாலு நாள் பட்டினியைச் சாதாரணமாகத் தாங்கும். நான் மெஷினே செய்யாமல் போயிருந்தால் அந்த ஒன்பதும் இன்று நீந்திக்கொண்டிருக்கும்!

அன்றிரவே அடியில் கிடந்த தீனியை டியூபால் உறிஞ்சி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். மறுநாள் ஆபீசுக்கு லீவு. 'உடல்நிலை சரியில்லை' என்று எழுதினேன். யாருடைய உடல் என்று எழுதவில்லை! தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றியதில், மூன்றாம் நாள் கோல்டு ஃபிஷ் கீழே இறங்கி நீந்தியது. அப்புறம்தான் என் பெண் என்னோடு பேசினாள்.

மெஷினைத் திருத்திவிட்டேன். பட்டன் பேட்டரி போட்ட கடிகாரம் சேர்த்தாயிற்று. கடைசியாக எப்போது தீனி போட்டது என்பதும் கரண்ட் போனாலும் அழியாமல் பதிவாகிவிடும். அதைப் பார்க்காமல் மோட்டார் அசையாது. அதைவிட முக்கியம், டப்பாவில் இப்போது இரண்டு நாள் தீனிதான். மெஷினுக்குப் பைத்தியமே பிடித்தாலும் அதற்கு மேல் கொட்ட முடியாது. அளந்து போடுவது என் பெண். "நீ ஜாஸ்தி போட்டுடுவேப்பா!"

நேற்று ராத்திரி, "இன்னும் ரெண்டு தோசை" என்றேன்.

சமையலறையிலிருந்து பதில் வந்தது: "வளர்ந்த, ஆரோக்கியமான மீனே நாலு நாள் தாங்குதாமே! உங்களுக்கு என்னங்க?"