சொந்த வயல் கோதுமையும் மத்திய அரசும்

அமெரிக்க மத்திய அரசின் அதிகாரத்துக்கு எல்லை எது? ஏட்டில் பதில் சுலபம். காங்கிரஸ் எதெதில் சட்டம் போடலாம்னு அரசியலமைப்பு ஒரு பட்டியல் தருகிறது: நாணயம், தபால், போர் அறிவிப்பு என்று. மத்திய அரசுக்குத் தராத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ சேரும் என்கிறது 1791-ல் வந்த பத்தாவது திருத்தம்.

அந்தப் பட்டியலில் ஒரு வரி, மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம். எல்லைச் சண்டை பெரும்பாலும் இந்த வரியைச் சுற்றித்தான்.

ராஸ்கோ ஃபில்பர்ன் ஒஹையோ விவசாயி. கோதுமை விலை சரியாமல் இருக்க, யார் எவ்வளவு பயிரிடலாம்னு 1938 சட்டம் அளவு வைத்திருந்தது. 1941 அறுவடைக்கு அவருக்கு அனுமதி 11.1 ஏக்கர், விதைச்சது 23 ஏக்கர். கூடுதலா விளைஞ்ச 239 புஷலுக்கு அபராதம் 117 டாலர் 11 சென்ட். என் பண்ணையிலேயே செலவாகிற கோதுமை எப்படி வணிகமாகும் என்பது அவர் வாதம். 1942-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. அவர் விளைவிச்சதை சந்தையில் வாங்க மாட்டார். இப்படி எல்லாரும் செஞ்சா நாடு முழுக்க விலை அசையும். அதனால் இதுவும் காங்கிரஸின் கைக்குள்தான்.

அநியாயம்னு தோணுதா? அவசரப்படாதீங்க. 1964 குடிசார் உரிமைகள் சட்டம் ஓட்டல்களிலும் உணவகங்களிலும் நிறப் பாகுபாட்டைத் தடை செய்ததே, அது நீதிமன்றத்தில் நின்றதும் இதே வணிக வரியின் பலத்தில்தான்.

சரி, அப்போ எல்லையே கிடையாதா? 1995-ல் லோபஸ் வழக்கில் கோடு விழுந்தது. பள்ளிக்கு அருகில் துப்பாக்கி வைத்திருப்பதை மத்தியக் குற்றமாக்கிய சட்டம் அது. வன்முறை படிப்பைக் கெடுக்கும், படிப்பு கெட்டால் பொருளாதாரம் கெடும் என்று அரசு வாதாடியது. இதை ஏற்றால் காங்கிரஸின் கைக்கு வெளியே எதுவுமே மிஞ்சாது என்று 5-4 கணக்கில் சட்டம் செல்லாமல் போனது. பிறகு, மாநிலம் தாண்டி வந்த துப்பாக்கிக்கு மட்டும் என்று காங்கிரஸ் அதைத் திருத்திக்கொண்டது. பெரும்பாலான துப்பாக்கிகள் அப்படி வந்தவைதானே!

ஆக, எல்லை தானாக நிற்பதில்லை. ஒவ்வொரு சட்டத்தையும் பார்த்து "இது உள்ளே என்றால், வெளியே எது?" என்று யாராவது கேட்க வேண்டியிருக்கு. நமக்குப் பிடிச்ச சட்டமா இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்கணும். அதுதான் சிரமம்.